ஆளுக்கு ஆள் மறைத்த அரிப்பு

என் மகளுக்கு மூன்றாம் மாதம் நடந்தபோது, ஊத்துக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் அம்மா வீட்டிலிருந்து புதுவாயலில் இருக்கும் கணவர் வீட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அவள் தோலில் ஒரு புள்ளி கிடையாது. பெற்றவள் சொல்கிறேன், பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதிக்கே கண் பட்டுவிடும். என் தோலைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். கழுத்து கறுத்துப்போயிருந்தது. வயிறெல்லாம் வரி வரியாக வெடிப்பு. சீப்பை வைத்தால் முடி கொத்தாக வந்தது. மார்க்காம்பு வெடித்து, குழந்தை வாய் வைக்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. கண்ணாடிப் பக்கம் போவதையே விட்டிருந்தேன். ஆனாலும் மனதுக்குள் பெரிய கர்வம் இருந்தது. காரணம் பால்.

ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை. பால் லேசில் வரவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரி ஜாக்கெட் நனைந்து உட்கார்ந்திருப்பாள், நான் காய்ந்த மாராப்போடு அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா பூண்டை வேக வைத்துக் கொடுத்தாள், பால்சுறாவைப் புட்டு செய்து கொடுத்தாள். மீன் வாசனை தெருமுனையில் வந்தாலே கதவைச் சாத்துகிற ஆள் நான். மூக்கைப் பிடித்துக்கொண்டு தட்டு தட்டாகத் தின்றேன். ஒருநாள் காலையில் என் ஜாக்கெட்டும் நனைந்தது. "வந்துட்ச்சுடி!" என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். அதற்குப் பிறகு கறுத்த கழுத்தும் கொட்டுகிற முடியும் எனக்கு ஒரு பொருட்டாக இல்லை.

கணவருக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை. கண்ணாடியை உருக்கி, தலைமுடியைவிட மெல்லிய நாராக இழுத்து, அதை மெத்தை மாதிரி தடிமனான விரிப்பாக்கி ரோல் ரோலாகச் சுற்றி அனுப்புகிற கம்பெனி. பெரிய பெரிய கட்டடங்களின் கூரைக்கு அடியில் சூடு இறங்காமல் இருக்க அதைப் பரப்புவார்களாம். வேலைக்குப் போட்ட சட்டையை வீட்டுத் துணியோடு சேர்க்கக் கூடாது என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் வெளியே இருக்கும் குழாயடியிலேயே குளிப்பார், தன் சட்டையைத் தனி பக்கெட்டில் தானே அலசுவார், வேறு உடுப்பு மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தொடுவார். "ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து டாக்டர் வர்றாரு பாரு" என்று கிண்டல் செய்வேன். உள்ளுக்குள் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

என் மாமியார் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை அப்பன் வீட்டுக்கு வந்தால் முதலில் அப்பன் உடுத்திய பழைய துணியில்தான் படுக்க வேண்டும். அந்த வாசனை ஒட்டினால்தான் குழந்தை அப்பனிடம் ஒட்டுமாம். அவர் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில், தன் கணவருடைய வேட்டியைக் கிழித்துத்தான் மகனைப் படுக்க வைத்திருக்கிறார். கழனி வேலை செய்தவரின் வேட்டி. சேற்றையும் வேர்வையையும் தவிர அதில் என்ன இருந்திருக்கப் போகிறது?

மகன் காலத்தில் வேட்டிக்கு எங்கே போவது? அவரிடம் இருந்ததெல்லாம் வழுவழு பேன்ட், பளபளவென்று லுங்கி. வீட்டில் இருந்ததிலேயே பழகித் தேய்ந்து மெத்தென்று ஆகியிருந்த ஒரே பருத்தித் துணி, பெட்டியில் கிடந்த பழைய கம்பெனிச் சட்டைகள். கம்பெனியில் புதுச் சட்டை கொடுக்கும்போது பழசைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்வார்கள். நல்ல பருத்தியை யார் தூக்கிப் போடுவது? எங்கள் காலனியில் அப்படி ஒரு வீடு கிடையாது. நான் அம்மா வீட்டில் இருந்த மாதங்களில் மாமியார் அவற்றைச் சோப்புப் போட்டுக் கொதிக்க வைத்து, வெயிலில் காய வைத்து, கத்தரித்து, கையாலேயே தைத்திருந்தார். கீழே விரிக்க நாலு மடிப்பில் மெத்தை, போர்த்த ஒன்று, இடுப்பில் கட்டும் முக்கோணத் துணிகள், தலைக்கு ஒரு குல்லா. எல்லாம் ஒரே வெளிர்நீலம். குழந்தை வந்து படுத்தபோது குட்டித் தொழிலாளி ஒருத்தி ஷிஃப்ட் முடிந்து தூங்குகிற மாதிரி இருந்தது.

"அப்பன் துணியில எப்பிடித் தூங்குது பாரு" என்றார் மாமியார். பார்வை மங்கத் தொடங்கிய கண்களோடு ஊசி கோத்துத் தைத்தவர் அவர்.

கொஞ்ச நாளில் குழந்தையின் முதுகில் சிவப்பாகச் சிறு சிறு பொரி கிளம்பியது. பிறகு தொடை, இடுப்பு, கழுத்து மடிப்பு. படுக்க வைத்தால் வீறிட்டு அழுவாள், தூக்கினால் முனகுவாள். உடனே வைத்தியம் ஆரம்பமானது. வேர்க்குரு என்று பவுடர் கொட்டினோம். பவுடர் மடிப்பில் கட்டி தட்டியது. வறட்சி என்று தேங்காய் எண்ணெய் தேய்த்தோம். ஃபோன் வீடியோவில் ஒரு பெண் கடலை மாவைக் குழைத்துத் தடவினாள், நானும் தடவினேன். மெடிக்கல் கடையில் வாசனையான ஒரு லோஷனைக் கொடுத்து இதைவிட்டால் வேறு கிடையாது என்றார்கள். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு பரவியது. ஒவ்வொரு வைத்தியத்துக்கும் பிறகு அவளைத் துடைத்து, சுத்தமான துணி என்று நினைத்து அந்த வெளிர்நீலத்திலேயே சுற்றிப் படுக்க வைத்தோம்.

அடுத்து, யார் குற்றம் என்கிற விசாரணை. என் அம்மா ஃபோனில் தீர்ப்பு சொன்னாள்: "இங்க இருந்த வரைக்கும் பூ மாதிரி இருந்துச்சே! அந்த ஊரு தண்ணிதான்டி. சுத்திக் கம்பெனியா கீது, தண்ணி எப்பிடி நல்லா இருக்கும்?" இதை நான் ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்திருந்தேன். மாமியார் அரிவாள்மணையிலிருந்து தலை தூக்காமலேயே, "உங்கம்மா உன்ன அனுப்புற அன்னிக்கு இன்னா ஆக்கிப் போட்டாங்க?" என்றார்.

"கருவாடும் கத்திரிக்காயும் அத்தே, பாலு ஊறட்டும்னு."

"அப்ப தண்ணிய இன்னாத்துக்குச் சொல்லணும்? கருவாடு பால்ல எறங்கிக்கினு போயிருக்குது."

அன்றிலிருந்து எனக்கு ரசமும் சோறும். அதிலும் பொரி அடங்கவில்லை என்றதும், அம்மை போட்டிருக்கலாம் என்று வாசலில் வேப்பிலை ஏறியது. அம்மன் வந்திருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. கொஞ்ச நாள் போன பிறகு மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"ஏம்மா, கொஞ்ச நாளிக்குப் பால நிறுத்திப் பாக்கலாமா? உன் பாலு அதுக்கு ஒத்துக்கலியோ இன்னாவோ."

நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்றால், எனக்கும் அரித்துக்கொண்டிருந்தது. முழங்கைக்கு உள்பக்கம், மார்புக்கு மேலே, குழந்தையைத் தூக்கி அணைக்கிற இடமெல்லாம் சிவந்திருந்தது. யாரும் பார்க்காதபோது கதவுக்குப் பின்னால் நின்று சொறிவேன். என் உடம்பே கெட்டுப்போய்விட்டது, அதுதான் பாலில் இறங்குகிறது என்று முடிவு கட்டியிருந்தேன். வெளியே சொன்னால் அந்த முடிவை எல்லோரும் எடுத்துவிடுவார்களே என்று முழுக்கை ரவிக்கை போட்டு மறைத்தேன். புதுவாயல் வெயிலில் முழுக்கை!

பால் பவுடரைக் கரைத்துக் குழந்தைக்குப் பாட்டிலில் கொடுத்தார் மாமியார். நான் பின்பக்கம் போய்ப் பாலைப் பீய்ச்சினேன். தாய்ப்பால் யார் காலிலும் மிதிபடக் கூடாது என்பதால் முருங்கை மரத்தின் அடியில் ஊற்றுவேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்ற அத்தனை சுறாவையும் முருங்கைக்கு ஊற்றுகிறேனே என்று வயிறு எரிந்தது. உள்ளே குழந்தை அழுதால் இங்கே பால் தானாகக் கசியும். முதலில் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு ஜுரம் மாதிரி அடித்தது. பிறகு ஒருநாள் இளகிவிட்டது. பீய்ச்சினால் டம்ளரின் அடிதான் நனைந்தது. அன்றைக்குப் பயந்த மாதிரி ஆபரேஷன் மேசையில்கூட நான் பயந்ததில்லை. எனக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது.

பொரியாவது அடங்கியதா என்றால், அதுவும் இல்லை. பால் நிறுத்தியும் அப்படியே இருந்தது. "பழைய பாலு ஒடம்புல இருக்குமில்ல" என்றார் மாமியார். அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ அறுந்தது.

"நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன் அத்தே. அம்மன் கோச்சிக்கினா என் மேலயே கோச்சிக்கட்டும். புள்ளய எடுத்துக்கினு நான் மட்டும் போறேன், யாரும் வர வேணாம்."

அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அப்போதுதான் குளித்துவிட்டு ஈரத் தலையோடு உள்ளே வந்த கணவர், என்னைப் பார்த்தார், அவர் அம்மாவைப் பார்த்தார். "லீவு சொல்லிட்டு நானும் வர்றேன்" என்றார். மறுநாள் காலையில் மாமியார் எங்களுக்கு முன்னால் தலை வாரி, பாட்டிலும் வெந்நீரும் துணிகளும் எடுத்து வைத்த கூடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அரசு மருத்துவமனையில் குழந்தைகளைப் பார்த்தது ஒரு லேடி டாக்டர். என் தங்கை வயதுதான் இருக்கும். குழந்தையின் துணியை அவிழ்த்து, முன்னும் பின்னும் திருப்பி, மடிப்புகளைப் பிரித்துப் பொறுமையாகப் பார்த்தார். "அம்மை இல்லைம்மா" என்றார் முதலில். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாலைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் டாக்டர், "வீட்டுல வேற யாருக்காவது அரிக்குதா?" என்றார்.

நான் ரவிக்கைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"கேக்குறேன்ல, யாருக்கும் இல்லையா?"

எனக்குப் பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. மாமியார் வளையல்களை மேலே தள்ளிவிட்டு, மணிக்கட்டை மேசைமேல் வைத்தார். சொறிந்து சொறிந்து தடித்திருந்தது. "எனக்கு கீதுங்க மேடம்" என்றார், திருடி மாட்டிக்கொண்டவர் குரலில். "நான் ஒரு கல்யாணத்துக்குப் போயாந்தேன். அங்கேருந்து நாந்தான் அம்மையக் கொண்டாந்து புள்ளைக்குக் குடுத்துட்டனோன்னு... வெளிய சொல்லலங்க."

நான் அவரைப் பார்த்தேன். இத்தனை நாளும் இந்த மனுஷி தன் மேல் பழியைச் சுமந்துகொண்டு, அது தாங்காமல்தான் கருவாட்டின் மேலும் பாலின் மேலும் இறக்கி வைத்துப் பார்த்திருக்கிறார். முழுக்கை ரவிக்கையைச் சுருட்டி என் கையையும் அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

"உங்களுக்குங்க?" என்று டாக்டர் கணவரைக் கேட்டார்.

"எனக்கு எப்பவும் இருக்கிறதுதாங்க மேடம், அது கணக்கில்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்பவுமா? என்ன வேலை பாக்குறீங்க?"

அவர் சொல்லத் தொடங்கினார். கண்ணாடி நார் என்று சொல்லும்போதே குரல் இறங்கியது. அவர் பார்வை மேசைக்குப் போயிற்று. குழந்தைக்கு அடியில் விரித்திருந்த வெளிர்நீலத்தில், பிரித்தெடுத்த பாக்கெட்டின் தையல் தடம் அப்படியே தெரிந்தது. டாக்டரும் அதைத்தான் பார்த்தார்.

"இது என்ன துணி?"

"அவுங்கப்பன் சட்டைங்க. நானே தெச்சேன்" என்றார் மாமியார். ஒன்றும் புரியாமல், கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

டாக்டர் குழந்தையைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, துணியை ஜன்னல் வெயிலில் விரித்துப் பிடித்தார். சாய்த்தபோது அங்கங்கே ஊசி முனை அளவுக்கு மின்னியது. "எத்தனை தடவை துவைச்சாலும் இது முழுசா போகாது. நூலுக்குள்ள போய் உக்காந்துக்கும். நமக்கே குத்துது, குழந்தை தோல் எப்படித் தாங்கும்?" என்றார். திட்டவில்லை. இந்தத் துணிகளையும் இவற்றோடு சேர்த்துத் துவைத்த பழந்துணிகளையும் மூட்டை கட்டி ஒதுக்க வேண்டும்; தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும்; பவுடர், மாவு எதுவும் கூடாது; ஒத்தி எடுத்து, தான் எழுதித் தரும் களிம்பை மெல்லியதாகப் பூசினால் போதும், சீக்கிரம் அடங்கிவிடும் என்றார்.

"புதுசா சேந்தப்ப எனக்கும் இப்பிடித்தான் அரிச்சிக்கினே இருந்துச்சு" என்றார் கணவர், யாரிடம் என்றில்லாமல். "தெனம் போடுற சட்டைய தள்ளி வச்சேன். பழசு அத்தினி தபா தொவச்சதாச்சேன்னு..."

எனக்கு அப்போது சட்டையும் தெரியவில்லை, நாரும் தெரியவில்லை. "மேடம், பாலு?" என்றேன்.

"பாலா?"

"என் பாலு ஒத்துக்கலன்னு நிறுத்திட்டோம்."

டாக்டர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பாலுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? உங்க பால்ல ஒண்ணும் இல்ல. இப்பவே குடுக்க ஆரம்பிங்க. குறைஞ்சிருந்தாலும் அவ குடிக்கக் குடிக்க ஊறும்."

என் பாலில் ஒன்றும் இல்லை. அந்த அறையைவிட்டு வெளியே வந்தபோது கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. கணவரிடம் பொரிந்து தள்ள ஒரு மூட்டை வசவு தயாராக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. கோபப்பட உடம்பில் இடமே இல்லாத அளவுக்கு நிம்மதி நிறைந்திருந்தது. அவர் ஓடிப்போய் எதிர்க்கடையில் வெள்ளை மல் துணி வாங்கி வந்தார். பிள்ளைக்குப் புதுத் துணி ஆகாது என்று சொல்ல அன்றைக்கு மாமியாருக்கு வாய் வரவில்லை. குழாயில் அலசி, வெயிலில் உதறிக் காய வைத்து, மாமியாரே குழந்தையைச் சுற்றிக் கொடுத்தார்.

தோல் தெளியக் கொஞ்ச நாள் பிடித்தது, தெளிந்தது. காலனியில் இன்னும் இரண்டு வீடுகளில் பழைய சட்டைகள் பெட்டியைவிட்டு வெளியேறின. ஆனால் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது வேறு. ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து மாராப்பை விலக்கினேன். என் மகள் ஒருமுறை வாய் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாட்டில் பழகிவிட்டது. மறுபடி வைத்தேன், மறுபடி திருப்பினாள். மாமியார் கூடைக்குள் கையை விட்டுப் பாட்டிலைத் தொட்டார், பிறகு எடுக்காமலேயே கையை வெளியே இழுத்துக்கொண்டார்.

"ஊட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம், வா" என்றார். அந்தக் குரலுக்கே ஆறுதல் தேவைப்பட்டது.

ஷேர் ஆட்டோவில் கணவர் டிரைவருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். பின்னால் நாங்கள் இருவரும், எதிரே கம்பெனி அடையாள அட்டை மாட்டிய இரண்டு பெண்களும். வண்டி குலுங்கக் குலுங்கக் குழந்தை பசியில் வீறிட்டாள். நான் யாரையும் பார்க்காமல் அவளை மார்போடு சேர்த்தேன். மாமியார் தன் முந்தானையை இழுத்து, சாலைப் பக்கம் திரை மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டார். அவள் வாய் வைத்தாள், இழுத்தாள், ஒன்றும் வராமல் விட்டுவிட்டு அழுதாள். திரும்பவும் இழுத்தாள். மூடாத வெடிப்பில் சுருக்கென்று வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "இழுடி, இழுடி" என்றேன் அவள் காதில்.

பால் சுரக்கும்போது வரும் அந்தக் குறுகுறுப்பு மார்புக்குள் திடீரென்று இறங்கியது. அவள் அழுகை பாதியில் நின்றது. பிறகு அந்தச் சத்தம்: மடக், மடக் என்று அவள் விழுங்குகிற சத்தம். ஆட்டோ இரைச்சலையும் மீறி அது மாமியாருக்குக் கேட்டிருக்க வேண்டும், முந்தானையைப் பிடித்த கை அப்படியே நிற்க, குனிந்து காதைக் கொடுத்தார்.

"குடிக்கிறாடா!" என்று முன்னால் இருந்த மகனிடம் கத்தினார். "டேய், குடிக்கிறாடா! சொட்டா இல்ல, மடக்கு மடக்கா குடிக்கிறா!"

டிரைவர் பாட்டை நிறுத்தினார். எதிரே இருந்த பெண்கள் சிரித்தார்கள். கணவர் திரும்பவில்லை, அவர் தோள் மட்டும் குலுங்கியது. புதுவாயல் வந்ததும் இறங்க வேண்டும் என்பதே எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டு, "அவசரமே இல்லமா, பாப்பா முடிக்கட்டும்" என்றார். மாமியார் முந்தானையை இறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணிலிருந்து வழிந்தது என் கை மேல் விழுந்தது. அரிப்பு எடுத்த அதே கைதான், துடைக்கத் தோன்றவில்லை.